மெழுகுப் பட்டையில் ஒரு பல் குறைவு

சோபாவைத் தூக்கிச் சுவரில் சாய்த்தபோது அடியிலிருந்து ஒற்றைச் சாக்ஸும், மூடி தொலைந்த பேனாவும், காய்ந்து கல்லாகிப்போன ரொட்டித் துண்டும் கிடைத்தன. பல் கிடைக்கவில்லை.

கைபேசியின் விளக்கைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துப் பார்த்தான். அப்படி வைத்தால் தூசிக்கும் நிழல் விழும். நிழல்கள் நிறைய விழுந்தன. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தான். தூசி, முடி, நூல், மறுபடியும் தூசி.

அவனுக்குப் பின்னால் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வயது. அப்பா நாலு காலில் ஊர்வது அவளுக்குப் புது விளையாட்டாக இருந்தது. அவன் குனியும்போதெல்லாம் சிரித்தாள். சிரிக்க வாயைத் திறந்தபோது அவன் சட்டென்று திரும்பி விளக்கை அவள் வாய்க்குள் அடித்தான். அவளுடைய சொந்தப் பற்கள் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை. விளக்கு கண்ணில் பட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

தொலைந்தது அவள் பல் இல்லை. செயற்கைப் பல். மேல் வரிசையில் நடுப்பல்லுக்குப் பக்கத்தில் வருவது. பட்டாணி அளவுதான் இருக்கும். முன்பக்கம் வழவழப்பு, பின்பக்கம் சொரசொரப்பு, ஓரம் மழுங்கல். ஓரம் மழுங்கல் என்பதைத் தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டான்.

அவன் பல்செட்டு செய்கிறவன். பெரிய கட்டடம் ஒன்றின் பின்பக்கம், ஒரே ஜன்னல் உள்ள அறையில் வேலை. பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, தாடையைப் பெயர்த்தெடுத்து, அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். படிப்பில் சுமார். கை வாகு மட்டும் சின்ன வயதிலேயே இருந்தது. நோயாளிகள் யாரும் அவனைப் பார்த்ததில்லை. அவனும் அவர்களுடைய முகத்தைப் பார்த்ததில்லை. மனிதர்களைத் தாடைகளாகவே அறிந்தவன். எப்போதாவது பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் வாய்விட்டுச் சிரிக்கும்போது, கொஞ்சம் உள்வாங்கி நிற்கும் அந்தக் கோரைப்பல்லை வைத்து, தான் செய்த செட்டு என்று கண்டுகொள்வான். எழுந்து போய்ச் சொல்லிக்கொள்ளவா முடியும்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். மனைவியின் அண்ணன் இதைச் சொல்லியே கிண்டல் செய்வார். மாப்பிள்ளை யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார், வாயைப் பார்த்துத்தான் பேசுவார், அவர் முன்னால் கொட்டாவி விட்டுவிடாதீர்கள், அளவெடுத்துவிடுவார் என்பார்.

மகள் பிறந்தபோது மெல்லிய குரலில் மியாவ் என்பதுபோல் அழுதாள். பூனை என்று மனைவி கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் அவனுக்கும் பிடித்திருந்தது, போன பரிசோதனை வரைக்கும்.

அந்தப் பரிசோதனையில் செவிலி மேசைமேல் ஓர் உலர்திராட்சையை வைத்தாள். பூனை அதைப் பார்த்தாள். ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையால் அமுக்கி, தன்னை நோக்கிச் சரட்டென்று இழுத்தாள். பூனை இழுப்பதுபோலவே இழுத்தாள். திராட்சை மேசையின் விளிம்பு வரை வந்து கீழே விழுந்தது. மறுபடியும் வைத்தார்கள். மறுபடியும் அதே இழுப்பு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எடுக்க வேண்டுமாம். இதற்குள் அது வந்திருக்க வேண்டுமாம். மருத்துவர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். விளையாட்டாகவே பழக்குங்கள் என்றார். அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் பெரிய டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று, கையைக் கழுவிக்கொண்டே, தண்ணீர்ச் சத்தத்தோடு சேர்த்துச் சொன்னார்.

மனைவி பயப்பட ஒன்றுமில்லை என்பதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவன் பெரிய டாக்டர் என்பதைக் கேட்டுக்கொண்டு வந்தான்.

அன்றிலிருந்து விளையாட்டு ஆரம்பித்தது. ஒட்டு நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு முனை தூக்கி நிற்க மேசையில் ஒட்டிவைப்பான். அவள் உரித்தெடுக்க வேண்டும். பழைய செய்தித்தாளைக் கிழிக்கக் கொடுப்பான். மாவைப் பிசைந்து உருட்டி, விரலால் குத்திப் பள்ளம் போட்டுக் காட்டுவான். துணி மாட்டும் கிளிப்புகளைத் தகர டப்பாவின் வாய்க்குள் ஒவ்வொன்றாகப் போடச் சொல்வான். அவளுக்கு எல்லாமே பிடித்தது. நாடாவை உள்ளங்கையால் தேய்த்தாள். தாளைக் கசக்கினாள். மாவை அறைந்தாள். டப்பாவைக் கவிழ்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைத்தான் பார்த்தான், அச்சில் வந்த தாடையைப் பார்ப்பதுபோல. அவள் ஒரு கணம் தாமதித்தால் போதும், அவன் கை உள்ளே நுழைந்து அவள் கட்டைவிரலை மடக்கி ஆள்காட்டி விரலோடு சேர்த்துவைக்கும். அவள் கையை உருவிக்கொண்டு போய்விடுவாள்.

“அவ விளையாடறா. நீங்கதான் பரீட்சை எழுதறீங்க” என்றாள் மனைவி.

மேல் வீட்டில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அம்மா ஒருவர் இருந்தார். அவருடைய கடைக்குட்டிக்கும் பூனைக்கும் ஒரே வயது. அந்தப் பையன் அம்மாவின் கைப்பை ஜிப்பைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுக்கிறான். படிக்கட்டில் அதைப் பார்த்தபிறகு அவன் லிஃப்டில் போக ஆரம்பித்தான். லிஃப்டிலும் அவரே வந்தார். எதையோ புரிந்துகொண்டவர்போல, “ஒவ்வொண்ணும் அதது நேரத்துல வரும் தம்பி. எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு அம்பது வயசுலயும் கியர் கைக்கு வரல” என்றார். அவன் சிரித்துவைத்தான்.

செயற்கைப் பற்கள் ஆறு ஆறாக, ஒரு பட்டையில் மெழுகு தடவி அதில் வரிசையாகப் பதித்து வரும். வேலை நேரத்தில் ஒருநாள் பட்டையிலிருந்து ஒரு பல்லை எடுத்தவன் கையை அப்படியே நிறுத்தினான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல். வேறு எப்படியும் எடுக்க முடியாது. உள்ளங்கையால் இழுத்தால் வராது, மெழுகு விடாது. நுனியால் பிடித்து லேசாக அசைத்தால் டக்கென்று கையோடு வந்துவிடும். உலகத்தில் இதைவிடப் பொருத்தமான விளையாட்டுச் சாமானை யாரும் செய்திருக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. நிறம் ஒத்துவராமல் ஒதுக்கிய பட்டை ஒன்று இழுப்பறையில் கிடந்தது. சோப்புப் போட்டுக் கழுவிச் சட்டைப் பையில் போட்டு எடுத்து வந்தான்.

மனைவிக்குச் சொல்லவில்லை. அவள் பல்பொருள் அங்காடியில் பில் போடுகிறவள். மாலை ஷிப்ட் வரும் நாட்களில் அவன்தான் சீக்கிரமே வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வான். அந்த நேரங்களில் மட்டும் பட்டை வெளியே வந்தது. பட்டையை அவனே பிடித்துக்கொள்வான். அவள் கையை வேறு எங்கும் போகவிடமாட்டான். முடிந்ததும் ஆறும் இருக்கிறதா என்று பார்த்துப் பைக்குள் வைப்பான். ஒருநாளும் அவள் ஒரு பல்லைக்கூடப் பெயர்த்ததில்லை. உள்ளங்கையால் பட்டையைத் தட்டுவாள், நகத்தால் பிராண்டுவாள், அவ்வளவுதான்.

இன்று போன் வந்தது. நாளைக்குப் போக வேண்டிய செட்டின் நிறத்தைப் பற்றி மருத்துவரின் உதவியாளர் கேட்டார். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. பட்டையை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனான். முதுகு அறையைப் பார்த்திருந்தது. பேசி முடித்துத் திரும்பினால் பட்டை தரையில் கவிழ்ந்து கிடந்தது, பற்கள் சிதறிக் கிடந்தன. பொறுக்கினான். ஐந்து இருந்தன. மெழுகில் ஆறு குழிகள்.

முதலில் அவன் பயந்தானே தவிர, நம்பிக்கை போய்விடவில்லை. யோசித்துப் பார்த்தான். பட்டை கீழே விழுந்திருக்கும். விழுந்த வேகத்தில் பற்கள் தெறித்திருக்கும். தெறித்ததில் ஒன்று எங்கோ உருண்டிருக்கும். ஏனென்றால் இவளால் எடுக்க முடியாது. மேசையில் வைத்த திராட்சையையே எடுக்க முடியாதவள், தரையில் கிடக்கிற பல்லை எப்படி எடுப்பாள்? உள்ளங்கையால் இழுத்தால் வாய்க்குப் போகாது. எத்தனையோ நாள் அவனைத் தூங்கவிடாத விஷயம் இப்போது அவன் பக்கம் வந்து நின்று பேசியது. அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். எடுக்க முடியாது. எடுக்க முடியாது. அப்படியென்றால் பல் அறைக்குள்தான் இருக்கிறது.

அலமாரியை நகர்த்தினான். கால்மிதியை உதறினான். அவளுடைய சட்டை மடிப்புகளையும் டயப்பர் ஓரத்தையும் விரல்விட்டுப் பார்த்தான். தன்னுடைய கால்சட்டை மடிப்பையும் பார்த்தான். பிறகு மறுபடியும் மண்டிபோட்டு, சோபா இருந்த இடத்தில் சிதறிக் கிடந்த ரொட்டித் தூளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் போட ஆரம்பித்தான். தூளுக்குள் வெள்ளையாக எதுவும் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

பூனை தவழ்ந்து வந்து அவன் முழங்கையோரம் குந்திக்கொண்டாள். அவன் கையைப் பார்த்தாள். அவன் ஒரு தூளை எடுத்தான், பார்த்தான், உள்ளங்கையில் போட்டான். இன்னொன்றை எடுத்தான். அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு அவள் கை நீண்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நெருங்கி வந்து ஒரு தூளின் இரண்டு பக்கமும் நின்றன. மற்ற மூன்று விரல்களும் தாமாகவே மடங்கிக்கொண்டன. எடுத்தாள். அவன் உள்ளங்கையில் போட்டாள்.

இதற்காகத்தான் நாடாவும் மாவும் கிளிப்பும். அவன் மனதுக்குள் உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். வாயில் அவள் பெயர் வந்தது. அதற்குள் அவள் இன்னொரு தூளை எடுத்தாள், அதே மாதிரி, அவ்வளவு சுத்தமாக. அதைத் தன் வாயில் போட்டு மென்றாள்.

அவன் உள்ளங்கையில் இருந்ததெல்லாம் தரையில் கொட்டியது.

அவள் வாய்க்குள் விரலை விட்டான். அவள் கடித்தாள். மறுபடியும் விட்டுத் துழாவினான், ஊறிப்போன ரொட்டி மட்டும் விரலில் வந்தது. அவள் அழுதாள். அழுகைக்கு நடுவில் மூச்சு இழுக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. எப்போதும் வருகிற சத்தம்தானா, புதுச் சத்தமா? இத்தனை நாள் அவள் அழுவதை நிறுத்தப் பார்த்திருக்கிறானே தவிர, காது கொடுத்துக் கேட்டதில்லை. நெஞ்சில் காதை வைத்தான். அவனுடைய நெஞ்சுதான் அடித்தது.

எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு கணம் ஆறுதலாக வந்தது, வந்த கணமே போய்விட்டது. அந்தப் பல் வெறும் பிளாஸ்டிக். படத்தில் தெரியாது. தூக்கத்தில் செட்டின் துண்டை விழுங்கிவிடுகிற கிழவர்களைப் பற்றி மருத்துவர்கள் அலுத்துக்கொள்வதை எத்தனை தடவை கேட்டிருக்கிறான். அப்போது சிரிப்பாக இருந்தது.

மனைவியின் போன் கடையில் லாக்கருக்குள் இருக்கும். கடை நம்பருக்கு அடித்தான். மேற்பார்வைக்காரர் அவளைக் கூப்பிட்டுவர நேரம் ஆயிற்று. குழந்தையைத் தோளில் போட்டு ஜன்னலோரமாகவே நடந்தபடி என்ன சொல்வது என்று வார்த்தை கோத்துக்கொண்டான். அவள் குரல் வந்ததும் கோத்ததெல்லாம் உதிர்ந்தது.

“ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வரலாம்னு…”

“ஒண்ணுமில்லாததுக்கு நீங்க கடை நம்பருக்கு அடிக்க மாட்டீங்க. என்ன ஆச்சு பூனைக்கு?”

சொன்னான். அந்தப் பக்கம் பில் போடும் இயந்திரங்கள் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தன. எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

அவசரப் பிரிவில் கூட்டம் இல்லை. கையில் கட்டோடு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். பணியில் இருந்த மருத்துவர் இளம் பெண். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பல் என்று அவன் சொன்னதும் பால்பல் என்று நினைத்தார். இல்லை, செட்டுப் பல் என்றான். வீட்டில் பெரியவர் யாராவது செட்டு வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை, நான்தான் விளையாடக் கொடுத்தேன் என்றான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக் குழந்தையின் முதுகில் வைத்தார். வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது.

மனைவி கடைச் சீருடையிலேயே, பெயரட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். குழந்தையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். திட்டவில்லை. அவன் திட்டுக்காகக் காத்திருந்தான்.

“எத்தனை?” என்றாள்.

“ஒண்ணு.”

“மேல் பல்லா, கீழ்ப் பல்லா?”

“மேல்.”

சரி என்பதுபோல் தலையாட்டினாள். அந்தக் கேள்வியால் என்ன பிரயோசனம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மருத்துவர் மனைவியிடம்தான் பேசினார். மூச்சு இரண்டு பக்கமும் சீராகப் போகிறது. இருமல் இல்லை, எச்சில் ஒழுகவில்லை. படம் எடுத்தாலும் அந்தப் பொருள் தெரியாது. அவன் தெரியும் என்று முனகினான். தண்ணீர் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். பூனை குடித்தாள், இன்னும் கேட்டாள். “விழுங்கியிருந்தா தானா வெளியில வந்துடும். கொஞ்ச நேரம் இங்கயே இருங்க. வீட்டுக்குப் போனப்புறம் இருமல் வந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மூச்சுல இழுப்பு இருந்தாலோ உடனே தூக்கிட்டு வந்துடுங்க. டயப்பரைப் பார்க்காம தூக்கிப் போடாதீங்க” என்றார். எடுத்ததை நீங்கள் பார்த்தீர்களா, ஒருவேளை விழுங்காமலே இருக்கலாமே என்றும் கேட்டார்.

“பல்ல எடுத்ததைப் பாக்கல. ஆனா எடுக்க வருது. இன்னைக்குத்தான் பாத்தேன். ரெண்டு விரலால எடுத்து, வாயில…” அவன் தன் விரல்களால் செய்து காட்டினான். காற்றைக் கிள்ளினான்.

மனைவி திரும்பினாள். “எடுத்தாளா?”

“ரெண்டு தடவை.”

“ரெண்டு விரலாலயா?”

அவன் தலையாட்டினான். அவள் முகத்தில் ஏதோ வந்தது. அது சந்தோஷமாகும் முன்பே அவள் குழந்தையின் மார்பைப் பார்க்கப் போய்விட்டாள், ஏறி இறங்குகிறதா என்று. கொஞ்ச நேரம் கழித்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, தன் சீருடைப் பையிலிருந்து கசங்கிய பில் காகிதம் ஒன்றை எடுத்தாள். அதன் மூலையைக் கிழித்து, சின்னத் துண்டாக்கித் தன் மடியில் வைத்தாள். பூனை அதைப் பார்க்கவேயில்லை. எதிர்ப் பக்கம் தூங்குகிறவரின் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி துண்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அவசரமாக அதை எடுத்துத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

“அவ எடுத்ததை நான் பாத்திருக்கணும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அன்று மூவரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். குழந்தை நடுவில் தூங்கினாள். இரண்டு பக்கத்திலும் ஆள் விழித்திருந்தது.

மறுநாள் மனைவி விடுப்பு எடுத்தாள். அவன் வேலைக்குப் போனான். போக வேண்டிய செட்டுக்குப் பற்களை நட்டான். பக்கத்து மேசைக்காரர் ஏன் கண் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டார், சரியாகத் தூங்கவில்லை என்றான். மதியம் வீட்டுக்குப் போன் செய்தான். இருமவில்லை, வாழைப்பழம் தின்றாள், தூங்கினாள், டயப்பரில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது மனைவி குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். பல் இருந்தது. அவன் கையுறை போட்டுக்கொண்டு எடுத்துக் கழுவினான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அதுதான், எங்கும் உடையவில்லை. தூக்கிப் போடுங்கள் என்றாள். காகிதத்தில் சுற்றிப் போட்டான். மீதி ஐந்தையும் பட்டையையும் அவள் கேட்டு வாங்கி அதே குப்பையில் போட்டு, பையின் வாயைக் கட்டிக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்கள். எடுத்த பெண் குழந்தையின் வயதைக் கேட்டுவிட்டு, சரி, டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள். பிறகு பூனைக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். வேகவைத்த கேரட்டைச் சின்னச் சின்னதாக நறுக்கித் தட்டில் போட்டிருந்தது. இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்து பார்த்தார்கள். அவள் உள்ளங்கையால் அமுக்கி அள்ளித் தின்றாள்.